பதினைந்து நாள் நின்ற வெள்ளைக் கார்: குழித்துறைத் தெரு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

அந்தக் கார் எங்கள் தெருவில் வந்து நின்ற நேரத்தைச் சரியாகச் சொல்லக்கூடியவர் ஒரே ஒருவர்தான் இருந்தார். ரப்பர் பால் வெட்டுகிறவர். மழை இல்லாத நாட்களில் விடியற்காலை நான்கு மணிக்கு, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு எங்கள் தெரு வழியாகத்தான் தோட்டத்துக்குப் போவார். 2024 ஜூலை 24 அன்று அந்தக் காரிலிருந்து இரண்டு பேர் இறங்கியதை அவர் பார்த்திருக்கிறார். பின்னால் வந்த ஒரு பைக்கில் ஏறி இருவரும் நெடுஞ்சாலைப் பக்கம் போயிருக்கிறார்கள். பைக்கின் விளக்கு எரியவில்லை என்பதும் அவருக்கு நினைவிருந்தது. இதையெல்லாம் நாங்கள் அவரிடம் கேட்டறிந்தது பதினாறாம் நாள். அதற்கு முன் அவரிடம் யாரும் கேட்கவில்லை.

கார் யாருடையது, உள்ளே என்ன இருந்தது என்பதெல்லாம் கடைசியில் தெரிந்துவிட்டது. ஓட்டி வந்தவர்களின் முகம் மட்டும் தெரியவில்லை. அது எங்கள் கைக்கு எட்டும் தூரத்தில், எதிர் வீட்டுக் கண்காணிப்புக் கேமராவின் பெட்டிக்குள் பன்னிரண்டு நாட்கள் இருந்தது. பதின்மூன்றாம் நாள் அழிந்தது. அது எப்படி அழிந்தது என்பதை எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றியதால் இதை எழுதுகிறேன்.

இடமும் காலமும்

நாகர்கோவிலிலிருந்து களியக்காவிளை வழியாகக் கேரளத்துக்குப் போகும் தேசிய நெடுஞ்சாலை 66-இலிருந்து சற்று உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் தெரு. பதினேழு வீடுகள். ஒரு பக்கம் வீடுகளின் மதில். மறுபக்கம் பாதித் தூரத்துக்கு ஒரு ரப்பர் விளையின் வேலி. தெரு வளையும் இடத்தில் ஒரு பலா மரம். அதன் அடியில் ஒரு வண்டி நின்றால் ஆட்டோ ஒதுங்கித்தான் போக வேண்டும்.

அது ஆடி மாதம். ஆடி அமாவாசைக்குத் தாமிரபரணிக் கரையில் பலிதர்ப்பணம் செய்ய வருகிறவர்களும், நகராட்சி நடத்தும் வாவுபலிப் பொருட்காட்சிக்கு வருகிறவர்களுமாக அந்த நாட்களில் குழித்துறை நிரம்பி வழியும். மைதானத்தில் இடம் கிடைக்காதவர்கள் உள்தெருக்களில் வண்டியை நிறுத்திவிட்டு நடந்து போவார்கள். மாலையில் பலா, மா, தெங்கு என்று கன்றுகளைக் கையில் தூக்கிக்கொண்டு திரும்புவார்கள். நாங்கள் யாரும் தடுப்பதில்லை. ஊர்த் திருவிழாவுக்கு வந்தவர்களிடம் வண்டியை எடு என்று சொல்வது எங்களுக்குப் பழக்கமில்லை. அந்த வெள்ளைக் காரைக் கொண்டு வந்தவர்கள் இதைக் கணக்கிட்டுத்தான் வந்தார்களா என்று எனக்குத் தெரியாது. கணக்கிடாமல் வந்திருந்தாலும் இதைவிடப் பொருத்தமான மறைவிடம் அவர்களுக்கு அந்த மாதத்தில் கிடைத்திருக்காது.

ஏழு இருக்கைகள் கொண்ட ரகம். கேரளப் பதிவெண், பாறசாலை அலுவலகத்தின் கே.எல். 19 வரிசை. கண்ணாடிகளில் கறுப்பு ஒட்டுத்தாள். எங்கள் ஊரில் கேரள எண் யாருக்கும் புதிதல்ல. எல்லைக்கு அப்பால் பெண் கொடுத்தவர்களும் எடுத்தவர்களும் தெருவுக்கு நான்கு வீடு இருக்கிறார்கள்.

அதற்கு முன் நின்ற கார்

இந்தக் காரைப் பற்றிப் பேசும் முன் வேறொரு காரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அது சில ஆண்டுகளுக்கு முன் இதே பலா மரத்தடியில் மூன்று வாரம் நின்றது. சிறிய நீல நிறக் கார். எங்கள் மாவட்டத்தின் டி.என். 75 வரிசை. மூன்றாம் நாளே தெரு கொதித்தது. ஒருவர் மேல்கண்ணாடியில் சாணியைப் பூசினார். இன்னொருவர் பக்கக் கண்ணாடியை உடைத்தார். டயரில் காற்றைப் பிடுங்கினார்கள். பிறகு ஒரு மாலையில் ஒரு பெண்மணி ஆட்டோவில் வந்து இறங்கினார். திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்துக்குக் கணவரை அழைத்துப் போகும் வழியில், அவருக்குத் திடீரென்று மூச்சு முட்டியதால் காரை அங்கேயே விட்டுவிட்டு ஆம்புலன்சில் ஏறியிருக்கிறார்கள். கார் நிற்கும் கோலத்தைப் பார்த்து அவர் எங்களிடம் ஒரு சொல்லும் சொல்லவில்லை. சேலைத் தலைப்பால் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். நாங்கள் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தோம்.

அந்தக் காட்சி எங்கள் தெருவை விட்டுப் போகவே இல்லை. வெள்ளைக் கார் வந்தபோது நாங்கள் பேசாமல் இருந்ததற்குப் பாதிக் காரணம் வாவுபலி என்றால், மீதிப் பாதி அந்தப் பெண்மணி. “மக்களே, மறுபடியும் அந்தப் பாவத்தைச் செய்ய வேண்டாம்” என்று தெருவில் மூத்தவரான பாட்டா சொன்னார். யாரும் மறுக்கவில்லை. நானும் மறுக்கவில்லை.

முதல் தடவை கை வைத்தோம்; இரண்டாம் தடவை கையைக் கட்டிக்கொண்டோம். இரண்டு தடவையும் செய்ய வேண்டியிருந்த காரியம் ஒன்றேதான் என்பது அப்போது எங்களுக்குப் புரியவில்லை. பதிவெண்ணை வைத்து உரிமையாளரின் பெயரையும் முகவரியையும் எடுக்கும் அதிகாரம் காவல் நிலையத்துக்கு இருக்கிறது. நீலக் கார் நின்ற மறுநாளே நாங்கள் ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தால், அந்தப் பெண்மணியின் கைபேசிக்கு ஓர் அழைப்பு போயிருக்கும். அவர் யாரையாவது அனுப்பி வண்டியை எடுத்திருப்பார். கண்ணாடி உடைந்திருக்காது.

நாட்கள்

நான்காம் நாள் ஆட்டோக்காரர் ஒருவர் வளைவில் உரசப் பார்த்துச் சத்தம் போட்டார். ‘தயவுசெய்து வண்டியைத் தள்ளி நிறுத்தவும்’ என்று எழுதி யாரோ துடைப்பானில் செருகினார்கள். மழையில் அது கூழாகிப் போயிற்று.

ஆறாம் நாள் தெருவின் வாட்ஸ்அப் குழுவில் படம் வந்தது. அதோடு ஊகங்களும் வந்தன. மார்த்தாண்டத்தில் மருத்துவமனையில் கிடக்கும் யாரோ ஒருவருடையது. வளைகுடாவுக்குத் திரும்பிப் போன பையன் அவசரத்தில் விட்டது. தவணை கட்ட முடியாமல், கடன் நிறுவனத்தின் ஆட்கள் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று ஒளித்து வைத்தது. கடைசியாகச் சொன்னது எங்கள் பகுதியில் நடக்காததல்ல. அப்படி ஒளித்து வைத்த வண்டிகளை நான் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு ஊகமும் நம்பும்படி இருந்ததுதான் சிக்கல். நம்பும்படியான காரணம் ஒன்று கையில் கிடைத்தால் மனம் அதோடு விசாரணையை முடித்துக்கொள்கிறது.

எட்டாம் நாள் இரவு இளைஞர்கள் சிலர் இரண்டு டயர்களில் காற்றைப் பிடுங்கிவிட்டார்கள். பாட்டாவுக்குத் தெரியாமல்.

ஒன்பதாம் நாள் நான் எம்பரிவாகன் செயலியில் எண்ணைப் போட்டுப் பார்த்தேன். உரிமையாளரின் பெயரில் பாதி எழுத்துகளை மறைத்துத்தான் காட்டும். ஆனால் வண்டியின் ரகம், எரிபொருள், பதிவான நாள், காப்பீடு எதுவரை என்பதெல்லாம் தெரியும். அதே ரகம், அதே வெள்ளை நிறம், காப்பீடு நடப்பில் இருக்கிறது என்று வந்தது. குழுவில் அதைப் போட்டேன். எல்லோரும் நிம்மதி அடைந்தார்கள். இந்த நிகழ்வில் நடந்த மிகப் பெரிய தவறு அதுதான்; அதைச் செய்தவன் நான்.

எண் சொன்னதும் வண்டி சொன்னதும்

ஒரு வண்டியின் எண் சரியாக இருப்பதற்கும், அந்த எண் அந்த வண்டியினுடையதாக இருப்பதற்கும் நடுவே இருக்கும் வேறுபாட்டை நான் யோசிக்கவில்லை. திருட்டு வண்டிக்கு எண் தேடுகிறவன் இல்லாத எண்ணை எழுத மாட்டான். அதே ரகத்தில், அதே நிறத்தில், ஒழுங்காகக் காப்பீடு கட்டி ஓடும் ஒரு வண்டியின் எண்ணை எங்காவது பார்த்து எழுதிக்கொள்வான். சோதனைச் சாவடியில் எண்ணைத் தட்டிப் பார்க்கும் காவலருக்கும் எனக்கு வந்த அதே பதில்தான் வரும்.

பொய்யைக் காட்டிக்கொடுக்கும் தடயங்கள் என் கண் முன்னேதான் இருந்தன. பெட்ரோல் வண்டி என்றது செயலி. எரிபொருள் மூடியின் மேல் டீசல் என்று ஒட்டியிருந்தது. 2021-இல் பதிவான வண்டி என்றது செயலி. 2019 ஏப்ரல் 1-க்குப் பிறகு தயாரான வண்டிகள் எல்லாவற்றுக்கும் உயர்பாதுகாப்பு எண் பலகை கட்டாயம்: இடது ஓரத்தில் அசோகச் சக்கர முத்திரை, அதன் கீழே லேசரால் பொறித்த தொடரெண், கழற்றினால் உடைந்துபோகும் பூட்டு. முன்கண்ணாடியின் உள்ளே ஒரு வில்லையும் இருக்கும். பெட்ரோலுக்கு வெளிர்நீலம், டீசலுக்கு ஆரஞ்சு. இந்தக் காரில் முத்திரையும் இல்லை, வில்லையும் இல்லை. கடையில் எழுதி வாங்கிய சாதாரணப் பலகையைத் திருகாணியால் முடுக்கியிருந்தார்கள். இவற்றைப் பார்க்க வண்டியைத் தொட வேண்டியதே இல்லை. தெருவில் நின்றபடியே இரண்டு நிமிடத்தில் பார்த்துவிடலாம்.

பின்பக்கம் சற்று அதிகமாகத் தாழ்ந்திருந்ததைப் பலரும் பார்த்திருக்கிறார்கள். காற்றைப் பிடுங்கியதால் அப்படி இருக்கிறது என்று எடுத்துக்கொண்டோம். காற்றைப் பிடுங்கும் முன்பே தாழ்ந்துதான் இருந்தது என்பது ஆறாம் நாள் எடுத்த படத்தில் தெரிகிறது.

வாய்ச்சொல்லும் மனுவும்

ஆகஸ்ட் 4, ஆடி அமாவாசை. பன்னிரண்டாம் நாள். அன்று மாலை வெளியூர் வண்டிகள் ஒவ்வொன்றாகக் கரைந்தபோது, பலா மரத்தடியில் இது மட்டும் நின்றது. அப்போதுதான் எனக்கு உறுத்தியது. காவல் நிலையத்துக்குப் போய் வாய்மொழியாகச் சொன்னேன். அமாவாசைக் கூட்டத்தைப் பார்த்துவிட்டு அலுத்துப்போய் இருந்தார்கள். “இரண்டு நாள் பாருங்கள் சார், எடுக்கவில்லை என்றால் சொல்லுங்கள்” என்றார் அங்கிருந்தவர். சரி என்று வந்துவிட்டேன். நான் அப்படித் திரும்பி வந்த அந்த இரவில், ஜூலை 24 விடியற்காலையின் பதிவு எதிர் வீட்டுப் பெட்டியில் இன்னும் இருந்தது.

இரண்டு நாள் கழித்து, பதினான்காம் நாள், எழுதிக் கொண்டு போனேன். மனுவில் ஊகம் எதையும் எழுதவில்லை. தெருவின் பெயர், பலா மரத்தடி என்ற அடையாளம், பதிவெண், நிறம், ரகம், முதலில் பார்த்த நாள், இதுவரை யாரும் வரவில்லை என்பது, செயலி சொன்ன எரிபொருளும் வண்டியில் இருப்பதும் வேறு என்பது, நான்கு பக்கத்திலிருந்தும் எடுத்த படங்கள், ஏழு வீட்டாரின் கையொப்பம். எரிபொருள் வேறுபாட்டை நான் கவனித்தது இந்த மனுவை எழுத உட்கார்ந்தபோதுதான். குழுவில் படத்தைப் பகிரும்போது கண்ணில் படாதது, தாளில் வரிசையாக எழுதும்போது பட்டது.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 127-ஆம் பிரிவையும் குறிப்பிட்டேன். பொது இடத்தில் பத்து மணி நேரமோ அதற்கு மேலோ கேட்பாரற்று விடப்பட்ட வண்டியை இழுத்துச் செல்லவும், சக்கரத்துக்குப் பூட்டுப் போடவும் சீருடையில் உள்ள காவல் அதிகாரி உத்தரவிடலாம் என்கிறது அது. இழுத்துச் செல்லும் செலவு உரிமையாளருடையது. வண்டி நிற்கும் விதம் போக்குவரத்துக்கு ஆபத்து என்றால் பத்து மணி நேரம் காத்திருக்கவும் வேண்டாம். பத்து மணி நேரம்! நாங்கள் பன்னிரண்டு நாள் கழித்து வாயைத் திறந்திருக்கிறோம். அந்த அதிகாரம் தெருவில் இருக்கும் யாருக்கும் இல்லை என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். காற்றைப் பிடுங்குவது, பூட்டுப் போடுவது, நாமே ஆள் வைத்து இழுப்பது எல்லாமே நம் மேல் வழக்காகத் திரும்பக்கூடியவை.

மனுவைப் பெற்றுக்கொண்டதற்கு சி.எஸ்.ஆர். ரசீது கேட்டேன். எண்ணும் தேதியும் போட்டுக் கொடுத்தார்கள். அந்த எண் விழுந்த பிறகு நிலையத்தில் அந்தக் காருக்கு ஓர் இடம் உண்டாகிவிட்டது. வாய்ச்சொல்லுக்கு அப்படி ஓர் இடம் கிடையாது. அதற்காக அன்று சொல்லி அனுப்பியவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. எழுதிக் கொடுக்காமல் வந்தது நான்தான்.

திறந்தபோது

பதினைந்தாம் நாள் மழை விட்டு வெயில் அடித்தது. பத்து மணிக்கு மேல் நாற்றம் கிளம்பியது. முதலில் புளித்த வாடை; வெயில் ஏற ஏற, மூக்கைப் பொத்திக்கொள்ளும்படி ஆயிற்று. பக்கத்து வீட்டு மாமி வெளியே வந்து நின்று காரையே பார்த்தார். நாங்கள் எல்லோரும் நினைத்ததை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. நான் 112-ஐ அழைத்து, மனுவின் எண்ணையும் சொன்னேன்.

அரை மணி நேரத்தில் உதவி ஆய்வாளர் வந்தார். கையில் எங்கள் மனு இருந்தது. முதலில் தெருவின் இரு முனையிலும் ஆள் நிறுத்தி எங்களை வீட்டுக்குள் போகச் சொன்னார். பிள்ளைகள் படம் எடுக்க ஓடி வந்தார்கள். அவர்களை அதட்டி அனுப்பினார். நாகர்கோவிலிலிருந்து வெடிகுண்டு கண்டறியும் பிரிவினர் மோப்ப நாயோடு வந்து பார்த்து முடிக்கும்வரை ஒருவரையும் அண்ட விடவில்லை. அந்த எச்சரிக்கை தேவையா என்று சிலர் முணுமுணுத்தார்கள். 2022 அக்டோபர் 23 அன்று கோவை உக்கடத்தில் கோயில் முன் வெடித்ததும் ஒரு சாதாரணக் கார்தான்; பல கைகள் மாறிய பழைய மாருதி. எட்டு நாட்களாக எங்கள் பிள்ளைகள் வெள்ளைக் காரின் முன்மூடி மேல் உட்கார்ந்து விளையாடினார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் உடம்பு நடுங்குகிறது.

கதவைத் திறந்ததும் தெரிந்தது. ஓட்டுநர் இருக்கையும் அதன் பக்கத்து இருக்கையும் தவிர மற்ற எல்லாவற்றையும் கழற்றியிருந்தார்கள். தரையிலிருந்து கண்ணாடி வரை சிறு சிறு மூட்டைகள். ரேஷன் புழுங்கல் அரிசி. பின்கதவின் கண்ணாடி விரலளவு இறங்கியிருந்ததால் பதினைந்து நாள் மழைநீர் உள்ளே வடிந்திருக்கிறது. மேல் மூட்டைகள் கறுத்து, பூஞ்சை பிடித்து, புழுவாக நெளிந்தன. மாமி அழுதுவிட்டார். பிணம் இல்லை என்ற ஆறுதலில் அழுகிறார் என்றுதான் நினைத்தேன். “இவ்வளவு சோறு” என்றார்.

2011 ஜூன் முதல் தமிழ்நாட்டில் ரேஷன் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. அதை வீடு வீடாகச் சொற்ப விலைக்கு வாங்கிச் சேர்த்து, எல்லைக்கு அப்பால் ஆலைகளில் மெருகேற்றி விற்கும் தொழில் எங்கள் மாவட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்தது. களியக்காவிளையில் சோதனை கடுமையானால் பளுகல், நெட்டா, ஊரம்பு என்று உள்வழிகளைத் தேடுவார்கள். முன்னால் ஒரு பைக் போய் வழி பார்க்கும். அன்று விடியற்காலை வழி சரியில்லை என்று தெரிந்து, வண்டியைத் தெருவுக்குள் விட்டுப் போயிருக்க வேண்டும் என்பது அதிகாரிகளின் கணிப்பு. பிறகு எடுக்க வந்தார்களா? ஒன்பதாம் நாள் இரவு விளக்கணைத்த பைக் ஒன்று தெருவைச் சுற்றியதைப் பால் வெட்டுகிறவர் பார்த்திருக்கிறார். காற்றைப் பிடுங்கிய இளைஞர்கள், தங்களால்தான் வண்டி தப்பவில்லை என்று பெருமைப்படுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. வந்தவர்கள் அந்த நேரத்தில் அவர்களில் ஒருவனைக் கண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதுதான் எனக்குத் தோன்றுகிறது. தவிர, கதவிலும் முன்மூடியிலும் கைரேகை எடுக்க முயன்றபோது கிடைத்தது எங்கள் தெருவின் கைகள்தான்.

முகம்

காவல்துறையினர் அன்றே எதிர் வீட்டுக் கேமராப் பதிவைக் கேட்டார்கள். அந்த வீட்டுக்காரர் நல்லெண்ணத்தோடு பெட்டியையே கழற்றிக் கொடுத்தார். கொள்ளளவு நிறைந்ததும் பழையதன் மேல் புதியதை எழுதிக்கொள்ளும் பெட்டி அது. பன்னிரண்டு நாட்களுக்கு முந்தையது எதுவும் இல்லை. வீடுகளில் மாட்டும் பெட்டிகள் பலவும் இப்படி ஒன்றிரண்டு வாரங்களுக்கு மேல் தாங்குவதில்லை. தெருவில் சந்தேகமான வண்டி ஒன்று நின்றால் எதிரே உள்ள கேமராவின் பதிவை அன்றே ஒரு பென்டிரைவில் எடுத்து வைக்க வேண்டும் என்று இப்போது எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும்.

அரிசிக் கடத்தல் என்பதால் வழக்கு குடிமைப்பொருள் குற்றப் புலனாய்வுத் துறைக்குப் போயிற்று. கெடாத மூட்டைகள் காப்புக்காடு கிடங்குக்குச் சென்றன. இயந்திரப் பகுதியில் பொறித்திருந்த பதினேழு எழுத்து அடிச்சட்ட எண்ணை வைத்து, இரண்டு நாட்களில் உண்மையான உரிமையாளரைக் கண்டுபிடித்தார்கள். திருநெல்வேலி மாவட்டத்துக்காரர். மாத வாடகைக்கு என்று வாங்கிப் போனவர் வேறு யாரிடமோ அடமானம் வைத்துவிட, இரண்டு மாதங்களுக்கு முன்பே தன் ஊரில் புகார் கொடுத்திருந்தார். எண்ணைப் பறிகொடுத்தவர் பாறசாலைப் பக்கத்தில் ஓர் ஆசிரியர். கேரளச் சாலைகளில் 2023 ஜூன் முதல் அபராதம் விதிக்கும் 726 கேமராக்களில் ஏதோ ஒன்று, அவர் போகாத ஊரில் அவர் வேகமாகப் போனதாக அறிவிப்பு அனுப்பியிருந்தது.

திருநெல்வேலிக்காரர் காரைப் பார்க்க வந்தபோது எங்கள் தெருவுக்கும் வந்தார். தவணை இன்னும் கட்டிக்கொண்டிருப்பதாகச் சொன்னார். அத்தியாவசியப் பொருட்கள் சட்டத்தின்படி, கடத்தலுக்குப் பயன்பட்ட வண்டியைப் பறிமுதல் செய்யும் அதிகாரம் ஆட்சியருக்கு உண்டு. தனக்குத் தெரியாமல்தான் வண்டி பயன்படுத்தப்பட்டது, தான் உரிய எச்சரிக்கையோடுதான் இருந்தேன் என்று உரிமையாளர் மெய்ப்பித்தால் வண்டி தப்பும். மெய்ப்பிக்க வேண்டியது அவர். வாடகை ஒப்பந்தம் என்று அவரிடம் இருந்தது ஒரு வெள்ளைத்தாள் மட்டும்.

பலா மரத்தடியில் நின்று சுற்றிலும் பார்த்தார். எதிர் வீட்டு மதில் மேல் இருந்த கேமராவைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. “அண்ணன், இதில் ஓட்டி வந்தவன் விழுந்திருப்பான் இல்லையா? அது இருந்தால் எனக்குப் போதும்” என்றார்.

பன்னிரண்டு நாள் கணக்கை நான் அவரிடம் சொன்னேன்.